நுனிப்புல் மேயலாமா?

இந்த இதழ் உங்கள் கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். முதல் பக்கத்து முதல் வரியில் ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் படித்துக்கொண்டே வந்து, இப்போதுதான் இந்தப் பக்கத்தை எட்டியிருக்கிறீர்களா? நிச்சயமாக இராது. அட்டைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பக்கங்களைச் சரசரவென்று தள்ளியிருப்பீர்கள். நாலு படம், இரண்டு தலைப்பு, ஒரு துணுக்கு கண்ணில் பட்டிருக்கும். அப்புறம் தொடர்கதை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பிடித்திருப்பீர்கள். அங்கே மட்டும் ஓர் எழுத்துக்கூட விடாமல் படித்திருப்பீர்கள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரிந்திராது.

ஆக, சகோதரிகளே, பத்து நிமிஷத்துக்குள் நீங்கள் மூன்று விதமாகப் படித்துவிட்டீர்கள்! யாரும் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்களுக்கே தெரியாமல் வந்த சாமர்த்தியம் இது. ஆனால் உங்கள் வீட்டுப் பையனுக்கும் பெண்ணுக்கும் இது தெரியுமா? பாடப் புத்தகத்தை எடுத்தால் மூன்று விதமாகவும் அவர்கள் படிக்கிறார்களா? இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

நான் இருப்பது செம்பாக்கத்தில். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலையில் சேலையூரும் ராஜகீழ்ப்பாக்கமும் தாண்டினால் எங்கள் ஊர். பள்ளிக்கூட வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிறது. 'டீச்சர் பாட்டி' என்ற பட்டம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் எதிர் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் தன் பையனைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் தையல் வேலைக்குப் போகிறவள். பையன் பத்தாம் வகுப்பு. காலாண்டுப் பரீட்சையின் ஆங்கிலத் தாளை என் முன்னால் வைத்தாள். எழுதிய வரைக்கும் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் கடைசிப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. நேரம் போதவில்லையாம்.

"டீச்சரம்மா, இவன் மந்தம்னு டியூஷன்ல சொல்லிட்டாங்க. படிப்பை நிறுத்திட்டு ஏதாவது வேலைக்குப் போடலாமான்னு இவங்க அப்பா கேட்கிறார். நிஜமாவே மந்தமா? நீங்களே பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பக்கம் படிக்கச் சொன்னேன். விரலை வைத்துக்கொண்டு, எறும்பு ஊர்வது போல, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தான். ஒரு பிழை இல்லை. அர்த்தம் கேட்டேன். சரியாகச் சொன்னான். "இந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் வருகிறதே, அந்த வருஷம் என்ன நடந்தது?" என்று கேட்டேன். அவ்வளவுதான்! மறுபடியும் முதல் வரியில் விரலை வைத்து எறும்பு ஊர ஆரம்பித்துவிட்டது.

"ஏண்டா, எதற்காக முதலிலிருந்து வருகிறாய்?"

"அப்படித்தானே பாட்டி படிக்கணும்? விட்டு விட்டுப் படிச்சா நுனிப்புல் மேயறேன்னு திட்டுவாங்களே!"

எனக்குச் சுருக்கென்றது. அந்த வசவை எத்தனை பிள்ளைகள் மேல் நானே வீசியிருக்கிறேன்! பையன் மந்தம் இல்லை. பெரியவர்கள் சொன்னதை அப்படியே நம்பி, எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் ஒரே வேகத்தில் படிக்கிறான். மூன்று மணி நேரப் பரீட்சையில் அந்த ஒரே வேகம் அவனைக் கவிழ்த்துவிட்டது.

புல் மேயும் மாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? புதிய இடத்தில் கொண்டு விட்டால் அதுவும் முதலில் அங்கொரு வாய் இங்கொரு வாய் கடித்துப் பார்க்கும். நல்ல புல் எங்கே என்று தெரிந்த பிறகுதான் ஓரிடத்தில் தலை கவிழ்ந்து நின்று மேயும். நுனியை மேய்வதில் தப்பில்லை. நுனியோடு நின்றுவிட்டால்தான் வயிறு நிரம்பாது.

ஏடு எடுப்பதும் கல் பொறுக்குவதும்

ஆங்கிலப் பாடம் நடத்துகிறவர்கள் இதற்கு இரண்டு பெயர் சொல்வார்கள். ஒன்று ஸ்கிம்மிங். இன்னொன்று ஸ்கேனிங். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இரண்டும் நம் சமையலறைக் காரியங்கள்தாம்.

ஸ்கிம்மிங் என்ற ஆங்கில வார்த்தைக்குப் பாலின் மேல் படிகிற ஆடையை வழித்து எடுப்பது என்றும் அர்த்தம் உண்டு. நாம் பாலாடையைப் பாலேடு என்றும் சொல்கிறோம். படிக்கிற ஓலைக்கும் ஏடு என்றுதான் பெயர். இரண்டுக்கும் நம் மொழியில் ஒரே பெயர் அமைந்திருப்பது எவ்வளவு பொருத்தம்! ஒரு பாடத்தின் தலைப்பு, படம், உபதலைப்பு, ஒவ்வொரு பாராவின் முதல் வாக்கியம், கடைசிப் பாரா ஆகியவற்றை மட்டும் பார்த்து, 'இது எதைப் பற்றியது, என்ன சொல்ல வருகிறது' என்று தெரிந்துகொள்வதுதான் ஏடு எடுக்கிற படிப்பு. மேலோட்டமாகப் பார்ப்பது என்று சொல்லலாம்.

ஸ்கேனிங் என்றதும் ஆஸ்பத்திரியும் ஆயிரக்கணக்கில் பில்லும் நினைவுக்கு வரும். இந்த ஸ்கேனுக்குக் காசு வேண்டாம். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறோமே, அதுதான் இது. கல் பொறுக்கும்போது ஒவ்வோர் அரிசியையும் எடுத்துப் பார்க்கிறோமா? கண் அரிசியின் மேல் நிற்பதே இல்லை. கல்லை மட்டும் தேடி ஓடுகிறது. அதே மாதிரி ஒரு பெயரையோ, வருஷத்தையோ, தொகையையோ மனத்தில் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் தாண்டி அதை மட்டும் பிடிப்பது தேடிப் படிப்பது.

2021-ஆம் வருஷம் தாம்பரம் மாநகராட்சி ஏற்பட்டது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்தச் செய்தி வந்த பத்திரிகையை எங்கள் தெருவில் எப்படிப் படித்தார்கள் தெரியுமா? பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் யார் கண்ணிலும் படவில்லை. எல்லாருடைய கண்ணும் 'செம்பாக்கம்' என்ற ஒரு வார்த்தையைத்தான் தேடியது. அதைக் கண்ட பிறகுதான், "வரி ஏறுமா? தண்ணீர் வருமா?" என்று நிதானமாகப் படித்தார்கள். முதலில் கல் பொறுக்கினார்கள். அப்புறம் உலை வைத்தார்கள்!

ஓலை நாளில் முடியாத காரியம்

இந்த இரண்டு வித்தையும் நம் முன்னோர்களுக்கு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தாலும் பனையோலை இடம் கொடுக்க வேண்டுமே! பழைய ஓலைச் சுவடிகளில் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. பாரா கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைப்பதில்லை. கண்ணை எங்கே நிறுத்துவது, எங்கே தாண்டுவது? ஆகவே மனப்பாடம்தான் வழி. சொல்லுக்குப் பொருள் சொல்லும் நிகண்டைக்கூடச் செய்யுளாக உருப்போட்டு வைத்திருப்பார்கள். வேண்டிய சொல்லை ஓலையில் தேடுவதைவிட மனத்தில் தேடுவது சுலபம்.

1594-இல் சிதம்பர ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்து 'அகராதி நிகண்டு' இயற்றினார். 1732-இல் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகளாகச் 'சதுரகராதி' செய்தார். அகர வரிசை கிடைத்ததும் தேடிப் படிக்க வழி பிறந்துவிட்டது. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். பின்னால் மற்ற நூல்களும் வந்தன. அவருடைய பதிப்புகளில் அரும்பத அகராதி போன்ற பட்டியல்கள் இருக்கும். ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரு சொல் எங்கே வருகிறது என்று பட்டியலைப் பார்த்துப் பிடித்துவிடலாம். அதைத் தயார் செய்தவர்கள் எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பார்கள்!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பொருளடக்கம், தலைப்பு, பாரா, தடித்த எழுத்து, பின்னிணைப்பு எல்லாம் அலங்காரத்துக்காக வந்தவை இல்லை. கண்ணுக்கு வழிகாட்ட வந்த கைகாட்டி மரங்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பாடப் புத்தகத்தின் பொருளடக்கத்தைத் திறந்து பார்க்கிறார்கள்? கேட்டுப் பாருங்கள். ஆச்சரியப்படுவீர்கள்.

கண் செய்கிற தாண்டவம்

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது தப்பு. 1879 வாக்கில் பாரிஸில் எமீல் ஜாவால் என்ற கண் டாக்டரின் ஆய்வுக்கூடத்தில் இதைக் கவனித்தார்கள். கண் தவளை மாதிரி தத்தித் தத்தித்தான் போகிறது. ஒரு தாவல், ஒரு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தமும் சுமார் கால் விநாடி. அந்த நிறுத்தத்தில்தான் எழுத்து தெரிகிறது. அதுவும் நேர் எதிரே இருக்கிற சில எழுத்துக்கள்தாம் தெளிவாகத் தெரியும். சுற்றியிருப்பதெல்லாம் மங்கல்.

ஆகவே ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் விழுங்குவேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1959-இல் அமெரிக்காவில் ஈவ்லின் வுட் என்ற பள்ளி ஆசிரியை மின்னல் வேகப் படிப்புக்கு வகுப்பு ஆரம்பித்தார். ஊரெல்லாம் அமளிப்பட்டது. 2016-இல் கீத் ரேனர் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை அந்த வேகத்தை அலசிப் பார்த்தது. வேகம் ஏற ஏறப் புரிவது குறையும். இரண்டையும் சேர்த்து யாராலும் கொடுக்க முடியாது என்பது அதன் முடிவு. ஆனால் சாராம்சம் மட்டும் போதும் என்கிற இடத்தில் மேலோட்டமாகப் படிப்பது பிரயோஜனமானது என்றும் சொன்னது. மார்க் பிரைஸ்பேர்ட் என்ற பெல்ஜிய மனோதத்துவ அறிஞர் 190 ஆய்வுகளைத் திரட்டி 2019-இல் கணக்குப் போட்டார். ஆங்கிலத்தில் கதையல்லாத விஷயத்தை மௌனமாகப் படிக்கும் பெரியவர்கள் நிமிஷத்துக்குச் சுமார் 238 வார்த்தை படிக்கிறார்களாம். சாதாரண மனிதனின் நடை வேகம் அவ்வளவுதான்.

அப்படியானால் நேரம் மிச்சமாவது எப்படி? எதைப் படிக்க வேண்டாம் என்று தெரிந்துகொள்வதால்தான். கெட்டிக்காரத்தனம் அதில் இருக்கிறது.

வீட்டிலேயே ஒரு பாடம்

எதிர் வீட்டுப் பையனுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். நீங்களும் செய்து பார்க்கலாம். பி.ஏ., பி.டி. படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 2021-இல் அரசாங்கம் 'இல்லம் தேடிக் கல்வி' என்று சாயங்கால வகுப்புகளை ஆரம்பித்தபோது தன்னார்வலர்களாக வந்து பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தாமே! திண்ணையும் பாயும் இருந்தால் போதும்.

ஒரு காகிதத்தில் கீழ்க்கண்டதை எழுதிக் கவிழ்த்து வைத்தேன்:

"செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நீர் அங்கேயே நிற்பதில்லை. ஏரிக்கு ஏரி தாண்டிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேருகிறது. தென்சென்னையின் பல ஏரிகளுக்கு அதுதான் வடிகால். பெருமழையில் அது பஞ்சு போல வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். பஞ்சைச் சுருக்கிவிட்டால் வெள்ளம் வீட்டுக்குள் வரும்.

"ஈரநிலங்களைக் காப்பதற்காக 1971-இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. பல தேசங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. 2022-இல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. பட்டியலில் கண்ட பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர்.

"சதுப்பு நிலம் வெறும் சேற்று நிலமாகத் தோன்றலாம். ஆனால் பறவைகளுக்கு அது சாப்பாட்டுக் கூடம். நமக்கோ வெள்ளத்துக்குக் காவல்."

முதல் ஆட்டம்: காகிதத்தைத் திருப்பி, மனத்துக்குள் இருபது எண்ணும் வரை பார்க்க விட்டேன். மறுபடி கவிழ்த்துவிட்டு, "எதைப் பற்றி?" என்று கேட்டேன். முதல் தடவை, "செம்பாக்கம் ஏரி நிரம்பினால்..." என்று முதல் வரியை ஒப்பித்தான். ஒவ்வொரு பாராவின் முதல் வாக்கியத்தையும் கடைசி வரியையும் மட்டும் பார் என்று சொல்லிக் கொடுத்தேன். அடுத்த தடவை, "ஏரித் தண்ணி சதுப்பு நிலத்துக்குப் போகுது, அதைக் காப்பாத்தணும்னு வருது பாட்டி" என்றான். ஏடு எடுத்தாயிற்று!

இரண்டாம் ஆட்டம்: கேள்வி முதலில், காகிதம் அப்புறம். "ராம்சார் எந்த நாட்டில் இருக்கிறது?" பதிலைத் தேடுவதற்கு முன்னால், பதில் எந்த உருவத்தில் இருக்கும் என்று கேட்டேன். "ஒரு நாட்டோட பேர்" என்றான். "பரப்பு எவ்வளவு?" "அது நம்பர்." உருவம் தெரிந்த பிறகு திருப்பிப் பார்த்தான். நான்கு விநாடியில் 'ஈரான்' கிடைத்தது. இரண்டு விநாடியில் '1,247'. அவனுக்கே நம்ப முடியவில்லை. எறும்புக்கு இறக்கை முளைத்த மாதிரி சிரித்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஆங்கிலத்தில் ஊர் பேரும் ஆள் பேரும் பெரிய எழுத்தில் ஆரம்பிக்கும். கண் சட்டென்று பிடித்துவிடும். நம் தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதோடு வார்த்தையின் வால் மாறிக்கொண்டே இருக்கும். 'செம்பாக்கம்' என்று தேடினால் 'செம்பாக்கத்துக்கு' என்று வந்திருக்கும். 'மரம்' என்று தேடினால் 'மரத்தடியில்' நின்றுகொண்டிருக்கும். ஆகவே தமிழில் தேடும்போது வாலை விட்டுத் தலையைப் பிடிக்கச் சொல்லுங்கள். 'செம்பாக்', 'மர' என்ற முன் பகுதி போதும். எண் இருந்தால் இன்னும் நல்லது. எழுத்துக் கூட்டத்தில் எண் தனியாகத் தெரியும்.

மூன்றாம் ஆட்டம்தான் முக்கியம். "பள்ளிக்கரணையில் மண் கொட்டி மேடாக்கினால் செம்பாக்கத்துக்காரர்களுக்கு என்ன கவலை?" என்று கேட்டேன். பையன் பரபரவென்று தேடினான். 'மண்' என்ற வார்த்தை இல்லை. 'மேடு' இல்லை. "பதில் இதுல இல்லை பாட்டி" என்றான்.

"இருக்கிறது. ஆனால் தேடினால் கிடைக்காது. உன் பழைய எறும்பைக் கூப்பிடு" என்றேன்.

விரலை வைத்து நிதானமாகப் படித்தான். பஞ்சு என்ற இடத்தில் விரல் நின்றது. மறுபடி முதல் வரிக்குப் போயிற்று. "தண்ணி போற இடம் சுருங்கிட்டா நம்ம ஏரித் தண்ணியும் போக வழி இருக்காது. அப்புறம் நம்ம தெருவுக்குத்தான் வரும்!"

பார்த்தீர்களா? இரண்டு வித்தையும் வாசற்படி வரைக்கும்தான் கொண்டு போய் விடும். 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் உள்ளே இருக்கிறது. அங்கே நடந்துதான் போக வேண்டும்.

அந்தப் பத்து நிமிஷம்

பொதுத் தேர்வில் பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு. காலை 10 மணிக்கு வினாத்தாள் கையில் வரும். 10 நிமிஷம் அதைப் படிக்க. 5 நிமிஷம் விடைத்தாளில் தங்கள் விவரங்களைச் சரிபார்க்க. 10.15-க்குத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் உங்கள் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்களா? பல பேர் முதல் கேள்விக்கு விடை யோசிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இன்னும் சில பேர் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கும்பிடட்டும். அதற்கு ஒரு நிமிஷம் போதும்.

மிச்ச ஒன்பது நிமிஷத்துக்கு இப்படிப் பழக்குங்கள். முதலில் முழுத் தாளையும் மேலோட்டமாக ஒரு முறை பார்க்க வேண்டும். எத்தனை பகுதி, எந்தப் பகுதிக்கு எத்தனை மார்க்? இரண்டாவதாக, 'ஏதேனும்', 'கட்டாயம்', 'அல்லது' என்ற வார்த்தைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். எங்கே எத்தனை கேள்விக்கு எழுதினால் போதும் என்பது அங்கேதான் இருக்கிறது. நாலு கேட்ட இடத்தில் ஆறு எழுதி நேரத்தைத் தொலைத்த பிள்ளைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாவதாக, நன்றாகத் தெரிந்த கேள்விகளை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் இடத்தில் இன்னொரு யுக்தி. பத்தியை ஒரு முறை மேலோட்டமாகப் பார். உடனே கேள்விகளைப் படி. ஒவ்வொரு கேள்வியிலும் முக்கியமான ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு பத்திக்குத் திரும்பு. அது இருக்கும் வாக்கியத்தையும் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஊன்றிப் படி. கேள்வியில் வந்த அதே வார்த்தை பத்தியில் வராமல், அதே அர்த்தமுள்ள வேறு வார்த்தை வரலாம் என்பதையும் சொல்லி வையுங்கள். 'வருமானம்' என்று கேட்பார்கள். பத்தியில் 'சம்பளம்' இருக்கும்.

எங்கே கூடாது?

இதைப் படித்துவிட்டு நாளைக்கே இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம், "முதல் வரியை மட்டும் பாரடி" என்று சொல்லிவிடாதீர்கள்! எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைக்கு ஒவ்வொரு வார்த்தையும் படிதான். படியைத் தாண்டச் சொன்னால் விழும். தடங்கல் இல்லாமல் படிக்க வந்த பிறகுதான் தாண்டப் பழக்க வேண்டும்.

கவிதையில் ஏடு எடுக்க முடியாது. அங்கே பால் முழுவதும் ஏடுதான். கணக்குப் பாடத்தில் ஒரு வார்த்தை விட்டால் விடையே மாறிவிடும். மருந்துச் சீட்டில் 'சாப்பாட்டுக்கு முன்' என்பதைத் தாண்டி 'மாத்திரை ஒன்று' என்பதை மட்டும் பார்ப்பது ஆபத்து. மருந்தின் காலாவதித் தேதியை மட்டும் தேடிப் பார்க்கலாம். கட்டாயம் பார்க்க வேண்டும்.

கையெழுத்துப் போடுகிற காகிதமோ? அதற்குத்தான் வருகிறேன்.

பையன் என்னிடம் வந்துகொண்டிருந்த நாளில் அவனுடைய அம்மாவுக்குக் கொஞ்சம் பணமுடை. நகையை வைத்துப் பணம் வாங்கலாம் என்று ஒரு கம்பெனிக்குப் போனாள். பையனும் துணைக்குப் போயிருந்தான். "நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிதான்மா, இங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒரு கையெழுத்து" என்று பேனாவை நீட்டினார்களாம். காகிதம் நாலு பக்கம். அத்தனையும் ஆங்கிலம். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

பையன், "ஒரு நிமிஷம்மா" என்று வாங்கிக்கொண்டான். முதலில் நாலு பக்கத்தின் தலைப்புகளைப் பார்த்தான். வட்டி மூன்றாம் பக்கத்தில் என்று தெரிந்தது. அப்புறம் சதவிகிதக் குறியைத் தேடினான். இரண்டு இடத்தில் இருந்தது. ஓரிடத்தில் 12. இன்னோரிடத்தில் 24. அங்கே நின்றான். விரலை வைத்தான். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் முணுமுணுத்தார். பையன் அசையவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக ஊர்ந்தான்.

மாதா மாதம் தவறாமல் வட்டி கட்டினால்தான் வருஷத்துக்கு 12 சதவிகிதம். மூன்று மாதம் தவறினால், கடன் வாங்கிய நாளிலிருந்தே 24 என்று எழுதியிருந்தது. அதாவது, ஒரு ரூபாய் வட்டி இரண்டு ரூபாய் வட்டியாகிவிடும். தையல் வேலையில் எல்லா மாதமும் ஒரே மாதிரி சம்பளம் வருகிறதா? அம்மா நகையைத் திரும்ப முடிந்துகொண்டு வந்துவிட்டாள். பிறகு மகளிர் சுய உதவிக் குழுவில் கேட்டு வாங்கிச் சமாளித்தாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோதும் அவள் கண் கலங்கியது. இந்தத் தடவை வேறு காரணத்துக்காக. "மந்தம்னு சொன்னாங்களேம்மா! அவ்வளவு பேர் பார்க்கறப்போ நிதானமாப் படிச்சான். எனக்குத்தான் கை நடுங்கிச்சு" என்றாள்.

அரையாண்டுப் பரீட்சையில் பையன் முதல் மார்க் வாங்கிவிட்டான் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். வாங்கவில்லை. ஆனால் ஒரு கேள்வியையும் விடவில்லை. வேலைக்குப் போடுகிற பேச்சை அவனுடைய அப்பா எடுக்கவில்லை. எனக்கு அது போதும்.

அவனுக்கு நான் புதிதாகக் கொடுத்தது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு கேள்விதான். காகிதம் கையில் வந்ததும், படிப்பதற்கு முன்னால், 'இதை எதற்காகப் படிக்கிறேன்?' என்று தன்னையே கேட்டுக்கொள்வது. சாராம்சம் வேண்டுமென்றால் ஏடு எடு. ஒரு விவரம் வேண்டுமென்றால் கல் பொறுக்கு. காரணம் வேண்டுமென்றால், கையெழுத்துப் போட வேண்டுமென்றால், எறும்பாக ஊர்ந்து போ.

நாளைக் காலையில் உங்கள் வீட்டிலும் ஆரம்பியுங்கள். பத்திரிகையை விரித்துக் குழந்தையிடம் கொடுத்து, "இன்றைக்குத் தங்கம் என்ன விலை, தேடிச் சொல்லு" என்று கேளுங்கள். இரண்டு நிமிஷ வேலை. விலையைக் கேட்டு நீங்கள் மயக்கம் போட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை!

கடைசியாக ஒன்று. இந்தப் பக்கத்தை நீங்கள் எப்படிப் படித்தீர்கள்? ஏடு மட்டும் எடுத்திருந்தாலும் எனக்குக் கோபம் இல்லை. சாவகாசமாக இன்னொரு தடவை வாருங்கள். எறும்பாக!